இறக்கிய ஈகேயில் இடது பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது, கேம்பர் கிட் (சக்கரச் சாய்வைத் திருத்தும் பாகம்) வாங்கலாமா?

தோட்டத்து_ஈகே:

அண்ணன்மார்களே, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வண்டி ஹோண்டா சிவிக் ஈகே, கோய்லோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக்) போட்டு இறக்கியது. ரொம்பத் தரையோடு தரையாக இல்லை, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். டயர் 195/50, 15 அங்குல ரிம்.

பிரச்சினை பின்னால்தான். இடது பின் டயரில் வெளிப்பக்கம் பூ (டயரின் வரிகள்) இன்னும் நன்றாக இருக்கிறது, உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் கம்பி குத்துகிறது. வலது பக்கமும் தேய்மானம் உண்டு, ஆனால் இவ்வளவு மோசமில்லை. நேர் ரோட்டில் போகும்போதும் ஸ்டீயரிங் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தே நிற்கிறது. எனக்குப் பெரிய கவலை மழை நாள்தான். செம்பனை லோரிகள் இழுத்து வந்து போட்ட மண் ஈரமாகிக் கிடக்கும் வளைவில் போனால், வண்டியின் பின்பக்கம் தானாக ஒதுங்குவது போல் இருக்கிறது. பின் சீட்டில் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு அப்படி ஓட்ட மனசு வரவில்லை.

அலைன்மென்ட் செய்த பட்டறையில் “இறக்கின வண்டி அப்படித்தான், பின்னால் திருப்புவதற்கு ஒன்றும் இல்லை, கேம்பர் கிட் போடு” என்று சொல்லிவிட்டார்கள். தாளைக் கேட்டு வாங்கி வந்தேன். பின் இடது: கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மைனஸ் 2 டிகிரி 10 மினிட் (60 மினிட் ஒரு டிகிரி), டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மைனஸ் 18 மினிட். பின் வலது: கேம்பர் மைனஸ் 1 டிகிரி 50 மினிட், டோ பிளஸ் 4 மினிட். கிட் வாங்கினால் தேய்மானம் நின்றுவிடுமா?

பட்டறை_அண்ணன்_ஈப்போ:

தம்பி, முதலில் அந்த இடது டயரைக் கழற்றிப் போடு. கம்பி தெரிகிற டயரில் நெடுஞ்சாலை பக்கம் போகவே போகாதே, மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

கிட் வாங்கும் காசை இப்போதைக்குப் பையிலேயே வை. தேய்மானத்தைப் பார்த்ததும் எல்லாரும் கேம்பரைத்தான் திட்டுகிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும், மைனஸ் என்றால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்து நிற்கும். ஆனால் ரெண்டு டிகிரி கேம்பரோடு டோ சரியாக இருக்கிற எத்தனையோ வண்டிகள் டயரை முழுசாக ஓட்டித் தீர்க்கின்றன. டயரைத் தின்பது டோதான். கேம்பர் எந்தப் பக்கம் தின்ன வேண்டும் என்று காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

உன் தாளையே எடுத்துக்கொள். டோவில் பிளஸ் என்றால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே பார்க்கிறது, மைனஸ் என்றால் வெளியே. இடது 18 வெளியே, வலது 4 உள்ளே. இடது சக்கரம் வெளியே பார்த்தாலும் வலது சக்கரம் உள்ளே பார்த்தாலும் இரண்டும் இடது பக்கம்தான் பார்க்கின்றன, இல்லையா? 18ஐயும் 4ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 11 மினிட். அந்த அளவுக்கு உன் பின் சக்கரங்கள் வண்டியின் பின்பக்கத்தை இடது பக்கம் தள்ளுகின்றன, அதனால் மூக்கு வலது பக்கம் திரும்பப் பார்க்கிறது, அதைச் சரிக்கட்டத்தான் நீ ஸ்டீயரிங்கை இடது பக்கம் பிடித்துக்கொண்டு போகிறாய். முன்பக்கத்தை எத்தனை முறை திருப்பினாலும் இது போகாது. பின்பக்கத்தை முதலில் வைத்துவிட்டுத்தான் முன்பக்கத்தைத் தொட வேண்டும். அவசரத்தில் பலர் முன்னாலேயே ஆரம்பித்து முன்னாலேயே முடித்துவிடுகிறார்கள்.

அடுத்தது தேய்மானம். இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் மைனஸ் 14. வண்டி பின் சக்கரங்களின் நடுக்கோட்டைப் பிடித்துத்தான் ஓடும் என்பதால், ஓடும்போது ஆளுக்கு 7 மினிட் வெளியே பார்த்து உரசுகின்றன. கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ரப்பர் பக்கவாட்டில் இழுபடுகிறது. டோ வெளியே, கேம்பர் மைனஸ், இரண்டும் சேர்ந்தால் உள்ஓரம்தான் பலி. பின் சக்கரம் வெளியே பார்த்தால் ஈரத்தில் பின்பக்கம் நிலையாக நிற்காது, நீ சொல்கிற அந்த ஒதுங்கலுக்கும் இதுவே போதும்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. இந்தக் கணக்குப்படி இரண்டு டயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தேய வேண்டும். உனக்கு இடது மட்டும் அதிகம். அப்படியென்றால் வண்டி நிற்கும்போது மெஷின் காட்டுகிற 18, ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் 18ஆக இருக்கவில்லை. ஈகேயில் இதற்கு முதல் சந்தேகம் டிரெய்லிங் ஆர்மின் பெரிய புஷ், அதாவது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நீளமான கையின் ரப்பர் மூட்டு. நாம் இடது பக்கம் ஓட்டுகிற நாடு, லோரிகள் உடைத்த ரோட்டு ஓரமும் குழியும் எல்லாம் இடது சக்கரத்துக்குத்தான். வண்டியை ஸ்டாண்டில் ஏற்று, ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதே. டார்ச் அடித்துப் பார், நடு இரும்பு ரப்பருக்குச் சரியாக நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் தொங்குகிறதா என்று. கடப்பாரை கொடுத்து நெம்பினால் கிழிசல் வாயைத் திறக்கும். ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போடும்போது பின்னால் “டொக்” என்று சத்தம் வந்தால் அதுவும் ஒரு அடையாளம்.

பின்னால் திருப்ப ஒன்றும் இல்லை என்று சொன்னது சரியில்லை. ஈகேயில் பின் கேம்பருக்குத்தான் கம்பெனி அட்ஜஸ்ட் கிடையாது, டோவுக்கு உண்டு. டிரெய்லிங் ஆர்மின் முன்புறத்திலிருந்து நடுப்பக்கமாகப் போகிற குட்டை ஆர்ம், காம்பென்சேட்டர் ஆர்ம், அதன் உள்முனை போல்ட்டைத் தளர்த்தி ஆர்மை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தலாம். பழைய வண்டியில் அந்த போல்ட் துருப்பிடித்துப் புஷ்ஷோடு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் பல இடங்களில் தொடவே மாட்டார்கள். முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் அடித்து ஊறவிடு.

கயிறு_கட்டுபவர்:

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ப்ரோ. புஷ் மாற்றினால் போல்ட்டுகளை வண்டி தூக்கிக் கிடக்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், இறக்கிய வண்டியில் அந்த முறுக்கு இன்னும் அதிகம், புது புஷ் சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும்.

கோய்லோவர் உயரத்தையும் முதலில் பாருங்கள். ஹப்பின் (சக்கர மையத்தின்) நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து சமப்படுத்திய பிறகுதான் அலைன்மென்ட். அப்புறம் உயரத்தைத் தொட்டால் எல்லாக் கணக்கும் மறுபடியும் மாறும்.

வீட்டிலேயே சோதிக்க மீன்பிடிக் கயிறு போதும். வண்டியின் இரு பக்கமும் ஹப் உயரத்தில் கயிறு கட்டுங்கள். இரண்டு கயிறுக்கும் இடையிலுள்ள தூரம் முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும், கயிறிலிருந்து ஹப் நடுவுக்கு உள்ள தூரம் இடமும் வலமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்த பிறகு பின் ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் கயிறிலிருந்து இரும்பு ரூலரால் அளந்து பாருங்கள். 15 அங்குல ரிம்மின் விளிம்பு குறுக்கே சுமார் 40 சென்டிமீட்டர், ஆகவே 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது கிட்டத்தட்ட 9 மினிட். உங்கள் இடது பக்கம் முன் விளிம்பு கயிறுக்கு 2 மில்லிமீட்டர் நெருக்கமாக இருக்கும் பாருங்கள்.

ஒவ்வொரு முறை திருப்பிய பிறகும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, டிக்கியை அமுக்கி விட்டு அளக்க வேண்டும். டயர் சிமெண்டுத் தரையில் ஒட்டிக்கொண்டால் ஆர்ம் நகர்ந்தாலும் சக்கரம் நகராது.

தோட்டத்து_ஈகே:

அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது. இடது டிரெய்லிங் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் பாதிக்கு மேல் பிய்ந்து, நடு இரும்பு மேல்பக்கம் ஏறிக் கிடக்கிறது. வலது பக்கம் வெடிப்பு மட்டும். கயிறு கட்டி அளந்ததில் தாளில் இருந்த 18 மினிட்டுக்கு ஏற்ற அதே 2 மில்லிமீட்டர் வந்தது. இரண்டு பக்கமும் புஷ் மாற்றச் சொல்லிவிட்டேன், டயரும் ஒரு ஜோடியாகவே வாங்கப் போகிறேன். டோ எவ்வளவு வைக்கச் சொல்லட்டும்? கேம்பர் அப்படியே இருக்கட்டுமா? நண்பன் ஒருவன் மேல் ஆர்ம் போல்ட்டில் வாஷர் வைத்தால் கேம்பர் குறையும் என்கிறான்.

பட்டறை_அண்ணன்_ஈப்போ:

ஜோடியாக மாற்றுவது சரியான முடிவு. ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 8 மினிட் உள்ளே, அதைவிட முக்கியம் இரண்டு பக்கமும் சமமாக. ஒரு பக்கம் 8, மறுபக்கம் 2 என்று தாளில் பச்சை (அளவுக்குள் என்ற அடையாளம்) விழுந்தாலும் ஏற்றுக்கொள்ளாதே. பெட்ரோல் பாதி, டயர் காற்று சரி, டிக்கியில் ஸ்பீக்கர் பெட்டி எப்போதும் இருந்தால் அளக்கும்போதும் இருக்கட்டும். பின் சக்கரத்திலும் சென்சார் மாட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்.

வாஷர் வேலை செய்யும், பொய் இல்லை. மேல் ஆர்மை வெளியே தள்ளுகிறது, அதனால் சக்கரத்தின் தலை நிமிர்கிறது. ஆனால் வாஷர் ஏறிய அளவுக்குப் போல்ட்டின் மரை பாடியில் பிடிக்கும் நீளம் குறைகிறது. அதே பழைய போல்ட்டில் செய்யவே கூடாது, நீளமான உயர்தரப் போல்ட் வேண்டும். கேம்பரைத் தொட்டால் டோவும் நகரும், மறுபடியும் அலைன்மென்ட். என்னைக் கேட்டால், டோவைச் சரி செய்து கொஞ்ச நாள் ஓட்டு, புது டயரின் குறுக்கே உள்ளங்கையால் இரண்டு பக்கமும் தடவிப் பார். ஒரு பக்கம் போகும்போது வழுக்கி, திரும்பும்போது ரம்பம் மாதிரி கீறினால் டோ இன்னும் தப்பு. வழவழப்பாக உள்பக்கம் மட்டும் குறைந்தால் அப்போது கேம்பரைப் பற்றிப் பேசுவோம்.

மைவி_பிள்ளை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணே, என் பெரோடுவா மைவிக்கும் இதே மாதிரி பின்னால் திருப்ப போல்ட் இருக்கிறதா? ஸ்பிரிங் போட்டு இறக்கியது.

பட்டறை_அண்ணன்_ஈப்போ:

இல்லை தம்பி, மைவிக்குப் பின்னால் டார்ஷன் பீம், இரண்டு சக்கரமும் ஒரே பீமில். இறக்கினாலும் பின் டோவும் கேம்பரும் பெரிதாக மாறாது. தாளில் கணக்கு கோணலாக வந்தால் பீம் அடி வாங்கி வளைந்திருக்கலாம், இல்லையென்றால் பீமின் புஷ் போயிருக்கும், முதலில் அதைப் பார். சின்ன வித்தியாசமாக இருந்தால் ஹப்புக்கும் பீமுக்கும் நடுவில் சாய்வான ஷிம் தகடு வைத்துத் திருத்தலாம். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியது என்றால் மட்டும் சொல், அதற்கு வேறு பதில்: வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் குழியில் இறங்கும்போது, தன் இருக்கையை விட்டு நழுவும், அலைன்மென்டுக்கு முன்னால் அதைக் கழற்ற வேண்டும்.