போலோவின் சக்கர போல்ட்டுகளை நீக்கிவிட்டு ஸ்டட், நட் முறைக்கு மாற்றலாமா?

மருதமலை_போலோ:

வணக்கம். நான் கோவையில் வசிக்கிறேன். 2017-ஆம் ஆண்டு வாங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். தினமும் அலுவலகம் போய்வருவதற்கும், ஆண்டில் நான்கைந்து முறை செட்டிபாளையம் கரி ஓடுதளத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ நடக்கும் டிராக் நாள்களுக்கும், அதாவது சொந்தக் காரை ஓடுதளத்தில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள்களுக்கும், இதே கார்தான். ஓடுதளத்துக்கென்று தனியாக ஒரு செட் 15 அங்குல அலாய் ரிம் வைத்திருப்பதால், ஒவ்வொரு முறையும் நான்கு சக்கரங்களையும் கழற்றி மாட்டிவிட்டு, வீடு திரும்பும் முன் மறுபடியும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது.

மாருதியிலும் ஹூண்டாயிலும், சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் மையப் பகுதியான ஹப்பிலிருந்து ஸ்டட்டுகள், அதாவது தலையில்லாத மரைக் கம்பிகள், நீட்டிக்கொண்டிருக்கும். ரிம்மை அவற்றின் மேல் தொங்கவிட்டு நட்டைத் திருகினால் வேலை முடிந்தது. போலோவிலோ, ஒரு கையால் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரிம்மின் துளையும் பிரேக் டிஸ்க்கின் துளையும் ஹப்பின் துளையும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை குனிந்து பார்த்துப் பார்த்து, மறு கையால் முதல் போல்ட்டை நுழைக்க வேண்டும். சென்ற மாதம் ஒரு டயர் கடையில் கையால் தொடங்காமல் ஏர் கன்னை வைத்தே போல்ட்டை ஏற்றியதில், முன் இடது ஹப்பின் ஒரு துளையில் மரை கோணலாக ஏறிக் கெட்டுவிட்டது. அதன் பிறகுதான் இந்த எண்ணம் எனக்குத் தீவிரமாக வந்தது.

ஹப்பில் திருகி வைக்கும் ஸ்டட்டுகளுக்கு மாறுவது உண்மையில் பயன் தருமா, அல்லது பந்தயக் கார் போலத் தோன்றவேண்டும் என்ற ஆசை மட்டும்தானா? மாற்றுவதானால் எந்த நீளம் வாங்க வேண்டும், கெட்டுப்போன அந்தத் துளையை என்ன செய்வது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முறுக்குவிசை:

திருகாணிகள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், பலர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன். சக்கரம் போல்ட்டின் மேல் தொங்கிக்கொண்டு ஓடுவதில்லை. போல்ட் ரிம்மை ஹப்போடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது. அந்த இறுக்கத்தால் இரண்டு முகங்களுக்கும் இடையே எழும் உராய்வுதான் காரின் எடையையும், பிரேக்கின் விசையையும், வளைவில் வரும் பக்கவாட்டு விசையையும் தாங்குகிறது.

உங்கள் காரில் இருப்பது எம்14×1.5 போல்ட் (விட்டம் 14 மில்லிமீட்டர், புரிகளின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர்), நிறுவனம் குறிப்பிடும் முறுக்கு 120 நியூட்டன் மீட்டர். உலர்ந்த மரைக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 0.2 என்ற உராய்வுக் காரணியை வைத்துக் கணக்கிட்டால், ஒரு போல்ட்டில் சுமார் 43 கிலோநியூட்டன், அதாவது 4.3 டன் அளவுக்கு இழுவிசை உண்டாகிறது. ஐந்துக்கும் சேர்த்து 21 டன். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையிலான உராய்வுக் குணகத்தை 0.15 என்று குறைத்தே வைத்தாலும் ஒரு சக்கரம் நழுவுவதற்கு மூன்று டன்னுக்கு மேல் விசை தேவைப்படும். முழுக் காரின் எடையே 1,100 கிலோ அளவுதான். போல்ட்டானாலும் ஸ்டட்டானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகையால், ஸ்டட் போட்டால் சக்கரம் இன்னும் உறுதியாக நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாறுவது தேய்மானம் நிகழும் இடம்தான். போல்ட்டை ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அது ஹப்பின் மரையில் பாரத்தோடு உரசிச் சுழல்கிறது. அதில் மணலும் துருவும் சேர்ந்தால், தேய்வது விலை அதிகமான ஹப். ஸ்டட் முறையில் ஹப்பின் மரையில் ஒரு முறைதான் திருகுகிறோம். அதற்குப் பிறகு தேய்வதெல்லாம் நட்டும் ஸ்டட்டின் வெளிமுனையும். அவற்றை எறிந்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் சக்கரம் கழற்றுபவருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. உங்களைப் போல டிராக் நாளுக்கு இரண்டு முறை, அதுவும் அவசரத்தில் கழற்றி மாட்டுபவருக்கு உண்டு.

பந்தய உலகமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிநூலில் உள்ள ஜே பிற்சேர்க்கையில், உற்பத்திக் கார்களுக்கான குரூப் என் விதிகள் பலவற்றைக் கடுமையாகத் தடுத்தபோதும், இணைப்புகளின் எண்ணிக்கையும் மரையின் விட்டமும் குறையாமல் இருக்கும் பட்சத்தில் போல்ட்டுக்குப் பதிலாக ஸ்டட்டும் நட்டும் வைத்துக்கொள்ள அனுமதித்தன.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, 10.9 என்ற வலிமை வகுப்புக்குக் குறைந்த ஸ்டட்டைத் தொடாதீர்கள். அந்த வகுப்பில் எம்14×1.5 அளவின் தாங்குதிறன் ஏறத்தாழ 104 கிலோநியூட்டன். நாம் கொடுப்பது அதில் நாற்பது விழுக்காடு என்பதால் போதிய இடைவெளி இருக்கிறது. நம் ஊரில் எதையும் கடைந்து தரும் லேத் பட்டறைகள் இருக்கின்றன என்பதும், கோவைக்காரருக்கு அந்த ஆசை எளிதில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கடைந்து வெட்டிய மரை, உருட்டி எடுத்த மரையைப் போல ஓயாமல் மாறும் பாரத்தைத் தாங்காது. உலோகக் களைப்பால் ஏற்படும் விரிசல் மரையின் அடிக்குழியில்தான் தொடங்கும். இரண்டாவது, மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். மரையின் உராய்வுக் காரணி 0.2-இலிருந்து 0.15-க்கு இறங்கினால், முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் அதே 120-ஐக் காட்டும்போதும் உள்ளே இழுவிசை 57 கிலோநியூட்டன் ஆகிவிடும். முதலில் நசுங்குவது அலாய் ரிம்மின் இருக்கை, அதாவது போல்ட்டின் தலையோ நட்டோ அமரும் குழி.

ஸ்டெப்னி_சித்தப்பா:

மேலே நண்பர் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உங்கள் கேள்வியை மறுபடி படித்துப் பார்த்தால், உங்களை வாட்டுவது துளைகளை நேர்கோட்டுக்குக் கொண்டுவரும் சிரமமும் ஓர் அவசரக்காரரின் ஏர் கன்னும்தான் என்று தோன்றுகிறது. அந்த இரண்டுக்கும் இதைவிட மலிவான மருந்து இருக்கிறது. எம்14×1.5 மரை கொண்ட வழிகாட்டிப் பின் ஒன்றையோ இரண்டையோ வாங்கி, ஹப்பின் மேல் துளையில் கையால் திருகிவிட்டு, ரிம்மை அதில் தொங்கவிடுங்கள். மற்றத் துளைகளில் போல்ட்டுகளைக் கையால் நான்கைந்து சுற்று ஏற்றிய பின் பின்னைக் கழற்றி அங்கும் போல்ட்டைப் போடுங்கள். காரில் எதையும் மாற்றவில்லை. விற்கும்போது யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஐரோப்பியக் கார்கள் சிலவற்றின் கருவிப் பையிலேயே இப்படிப்பட்ட பின் வருவதுண்டு.

ஸ்டட்டுக்கும் குறை உண்டு என்பதை ஒருவராவது சொல்லியாக வேண்டும். பாரமான சக்கரத்தைத் தூக்கி வைக்கும்போது ரிம்மின் துளை ஸ்டட்டின் மரைமேல் இடித்துக்கொண்டு உரசும். பலமுறை நடந்தால் மரையின் முகடு நசுங்கி, நட் ஏற மறுக்கும். ஆகவே, முனையில் மரையில்லாமல் கூம்பாகக் கடைந்த ஸ்டட்டையே வாங்க வேண்டும். ஸ்டட்டுகளில் தொங்குவதாலேயே ரிம் நடுவில் உட்கார்ந்துவிட்டது என்றும் எண்ணிவிட வேண்டாம். உங்கள் ஹப்பின் நடுமேடு 57.1 மில்லிமீட்டர், வெளியில் வாங்கிய ரிம்மின் நடுத்துளை அதைவிடப் பெரியதாக இருந்தால், இடைவளையம் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவதற்கு அந்த வளையம் இல்லாததே பல கார்களில் காரணமாக இருக்கிறது.

பழைய_பட்டறை:

நான் இதைச் செய்து பார்த்தவன். எனவே செய்முறையை மட்டும் எழுதுகிறேன். முதலில் என்னுடைய பழைய பிஎம்டபிள்யூ இ46-இலும், பிறகு நண்பரின் போலோவிலும் மாற்றினோம். இரண்டு கார்களுக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாட்டில்தான் நாங்கள் ஏறக்குறைய ஏமாந்தோம். பிஎம்டபிள்யூவில் எம்12×1.5 போல்ட், அதன் இருக்கை 60 பாகைக் கூம்பு. ஃபோக்ஸ்வேகனின் சொந்த ரிம்மில் இருக்கை உருண்டை வடிவம், ஆரம் 13 மில்லிமீட்டர். வெளிச்சந்தை ரிம்கள் பெரும்பாலும் கூம்பு இருக்கையோடுதான் வருகின்றன. உருண்டை இருக்கையில் கூம்பு நட்டைப் போட்டால் முழுப் பரப்பும் பொருந்தாமல் ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். கடையில் இறுக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். நீங்கள் இரண்டு செட் ரிம் வைத்திருப்பதால், இரண்டின் இருக்கையையும் பார்த்து, தேவைப்பட்டால் இரண்டு வகை நட்டும் வாங்கி, தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். ஸ்டெப்னி கம்பெனி ரிம்தான் என்பதால், ஓடுதளத்துக்குக் கூம்பு நட்டோடு போகும்போதும் ஐந்து உருண்டை நட்டுகள் டிக்கியில் இருந்தே ஆக வேண்டும். இதை மறந்துவிட்டு ஒருவர் இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருந்த கதை எனக்குத் தெரியும். அந்த ஒருவர் யார் என்று கேட்காதீர்கள்.

நீளத்துக்கு வருவோம். கம்பெனி போல்ட்டின் நீளத்தை இருக்கையிலிருந்து முனைவரை அளந்து பாருங்கள். நாங்கள் அளந்தபோது 27 மில்லிமீட்டர் இருந்தது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஹப்பின் மரைக்குள் போகிறது. மீதி டிஸ்க்கின் தடிமனும் ரிம்மின் தடிமனும். ஸ்டட்டின் உள்முனை ஹப்பின் பின்முகத்தோடு சமமாக நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு மரைகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பின்புறம் சுழலாமல் நிற்கும் பகுதியும் ஏபிஎஸ் உணரியும் இருப்பதால், நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் ஒரே சுற்றில் அவற்றைச் சேதப்படுத்திவிடும். வெளிப்பக்கம் நட்டுக்குள் குறைந்தது விட்டத்தின் அளவு, அதாவது 14 மில்லிமீட்டர் மரை பிடித்திருக்க வேண்டும், 1.5 மில்லிமீட்டர் புரிக்கு இது ஒன்பது முழுச் சுற்றுக்கும் சற்று அதிகம். ஆக மொத்தம் 41 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்க முடியாது. ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே ஸ்பேசர் என்ற தகடு போடுவதானால் அதன் தடிமனை அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தால் நல்லதுதானே என்று மிக நீண்ட ஸ்டட்டை வாங்கி, அதற்கு மூடிய தலை நட்டையும் போடுபவர்கள் உண்டு. ஸ்டட்டின் முனை நட்டின் மூடியில் போய் முட்டி நின்றுவிடும். ரெஞ்ச் 120-இல் சொடுக்கும், ஆனால் ரிம்மின்மேல் இறுக்கம் விழுந்திருக்காது. நான் இருபுறமும் திறந்த நட்டையே பயன்படுத்துகிறேன். மழையில் முனை துருப்பிடிக்கிறது, அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

பொருத்தும் நாளன்று, ஹப்பின் ஒவ்வொரு துளையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்து, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்துவிடுங்கள். மரைப் பசையைப் பொறுத்தவரை, லாக்டைட் 243 என்ற நடுத்தரப் பசை 180 பாகை செல்சியஸ் வரையிலும், 272 என்ற வலுவான பசை 230 பாகை வரையிலும் தாங்கும். ஓடுதளத்தில் பிரேக் சூடு ஹப்புக்கு இறங்குவதால் நான் 272-ஐத் தேர்ந்தெடுத்தேன். பின்னாளில் ஸ்டட்டைக் கழற்ற ஹாட் ஏர் கன்னால் சூடாக்க வேண்டியிருக்கும் என்பது அதற்கான விலை. துளை மறுபுறம் திறந்திருப்பதால், நடுவில் தடித்த தோள் இல்லாத ஸ்டட் எங்கும் முட்டி நிற்காது. அதை முரட்டுத்தனமாக இறுக்கப் பார்க்காமல், பின்முகத்தோடு சமமாகும் வரை மட்டும் திருகி, ஒரு முழு நாள் காய விடுங்கள். இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அப்படி வந்தால் அதே ஸ்டட்டை அப்படியே திருப்பித் திருகாமல், பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும்.

கெட்டுப்போன துளையைப் பற்றி ஒன்று. முதல் ஓரிரு புரிகள் மட்டும் மடங்கியிருந்தால், சரியான அளவு டேப்பை (மரை வெட்டும் கருவி) பின்பக்கத்திலிருந்து ஓட்டி நிமிர்த்திவிடலாம். அதற்கு மேல் மரை தின்னப்பட்டிருந்தால் ஹப்பை மாற்றுங்கள். பசை மரையை உண்டாக்காது.

மருதமலை_போலோ:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை முன் இடது ஹப்பை வெளிச்சத்தில் பார்த்தோம்; கெட்ட துளையில் நான்கு புரிகளுக்கு மேல் உரிந்து வந்துவிட்டதால் ஹப்பை மாற்ற முடிவு செய்துவிட்டேன். கம்பெனி ரிம்மின் இருக்கை உருண்டை, ஓடுதள ரிம்மின் இருக்கை கூம்பு என்பதும் உறுதியாயிற்று. இத்தனை நாளும் இரண்டுக்கும் ஒரே போல்ட்டைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறேன் என்பதை எண்ணும்போது உள்ளூர நடுங்குகிறது. சித்தப்பா சொன்ன வழிகாட்டிப் பின்களை வாங்கிவிட்டேன். புது ஹப் வந்ததும் நான்கு சக்கரங்களுக்கும் ஸ்டட் போடுகிறேன். அதுவரை ஓடுதள ரிம்களைத் தொடுவதில்லை. ஒரே ஒரு ஐயம்: திருட்டுத் தடுப்பு போல்ட் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது?

ஸ்டெப்னி_சித்தப்பா:

அந்த இடத்தில் பூட்டு நட் வாங்கிப் போடுங்கள். அதன் இருக்கையும் ரிம்முக்குப் பொருந்த வேண்டும், சாவி எப்போதும் காரிலேயே இருக்க வேண்டும். கழற்றிய கம்பெனி போல்ட்டுகளையும் பழைய சாவியையும் எறிந்துவிடாதீர்கள். மாட்டிய பின் 80 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறிய நிலையில், டார்க் ரெஞ்ச்சை 120-இல் வைத்து இருபது நட்டையும் ஒரு முறை சரிபாருங்கள்.