வீ கன்சோலின் சென்சார் பார் கேபிளைச் சால்டர் செய்து நீட்டலாமா?

ஒளித்திரை:
வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் பின்சுவரையொட்டி ப்ரொஜெக்டரை வைத்து, எதிர்ச்சுவரில் படம் விழும்படி அமைத்திருக்கிறேன். நின்டெண்டோ வீ வீடியோ கேம் கன்சோலும் ப்ரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சென்சார் பாரைத் திரைக்குக் கீழே வைத்தாக வேண்டும். அதன் கேபிளோ ஏறத்தாழ மூன்றரை மீட்டர்தான். சுவரோரமாகக் கொண்டுபோக எட்டு மீட்டராவது தேவைப்படும். கன்சோலில் செருகும் பிளக் தனி வடிவம் என்பதால், அதை அப்படியே வைத்துக்கொண்டு, கேபிளை இடையில் வெட்டி வேறு வயரைச் சேர்க்க நினைக்கிறேன். நீளம் கூடினால் சிக்னல் பலவீனமாகித் திரையில் சுட்டி தடுமாறுமா? என்ன வயர் வாங்குவது? சால்டரிங் ஓரளவு பழக்கம் உண்டு. ஆனால் இவ்வளவு மெல்லிய வயரில் செய்ததில்லை.

மின்மினி:
தாராளமாக நீட்டலாம். பெயரில் சென்சார் என்று இருந்தாலும், அந்தப் பட்டை எதையும் உணர்வதில்லை; இரு முனைகளிலும் ஐந்தைந்தாக அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன, அவ்வளவுதான். அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்க்கும் கேமரா, நாம் கையில் பிடித்து விளையாடும் ரிமோட்டின் முகப்பில் இருக்கிறது. அது பார்த்ததை ரிமோட் ப்ளூடூத் வழியாகக் கன்சோலுக்கு அனுப்புகிறது. ஆகவே நீங்கள் வெட்டப்போகும் கேபிளில் மின்சாரம் மட்டுமே போகிறது. பலவீனமாவதற்குச் சிக்னல் என்று எதுவும் அதில் இல்லை.

மின்னழுத்த இழப்பையும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். நெட்வொர்க் கேபிளில் இருக்கும் 24 கேஜ் (வயரின் தடிமன் அளவு) செம்பு வயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.084 ஓம் மின்தடை. கூடுதலாக 5 மீட்டர் சேர்த்தால், போக வர 10 மீட்டர், அதாவது 0.84 ஓம். 100 மில்லியாம்ப் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் இழப்பு 0.1 வோல்ட்டைத் தொடாது. நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடியே போதும். ஆனால் அதில் பெரும்பாலும் ஒற்றைக் கம்பிதான் இருக்கும், அடிக்கடி மடங்கும் இடத்தில் முறிந்துவிடும். மூலைகளில் வளைத்துக் கொண்டுபோவதானால், பல இழைகள் கொண்ட இரட்டை ஸ்பீக்கர் வயர் நல்லது.

பழையபெட்டி:
மேலே சொன்னது சரி. நான் செய்முறையைச் சொல்கிறேன்.

கன்சோலை அணைத்து, அடாப்டரையும் சுவர் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கன்சோல் பிளக்கை ஒட்டி வெட்டவே வேண்டாம். ஒரு முழம் விட்டு வெட்டினால், இணைப்பு சரியாக அமையாதபோது மீண்டும் வெட்டிச் செய்ய இடமிருக்கும். எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே எரியும் என்பதால், எந்த வயர் எதனோடு சேர வேண்டும் என்பதை மல்ட்டிமீட்டரில் கன்டின்யூட்டி (இரு முனைகளுக்கிடையே மின்தொடர்பு இருக்கிறதா என்று) பார்த்து, அடையாளம் வைத்துக்கொண்ட பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

இரண்டு இணைப்புகளும் ஒரே இடத்தில் எதிரெதிராக அமையாமல், ஒரு வயரை இரண்டு சென்டிமீட்டர் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால், மேலுறை கிழிந்தாலும் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகாது. சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை முதலிலேயே வயரில் கோத்து, இணைப்பிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருந்தால் சால்டரிங் சூட்டிலேயே சுருங்கி இறுகிவிடும். மெல்லிய வயரில் பெரிய சிக்கல் இன்சுலேஷன் உருகிப் பின்வாங்குவதுதான். இழைகளை முறுக்கி, ரெண்டு பக்கமும் தனித்தனியே ஈயம் பூசிக்கொண்டு, பிறகு சேர்த்துப் பிடித்து ஒரு நொடி, இரண்டு நொடி சூடு காட்டினால் போதும். அமிலம் கலந்த பேஸ்ட்டைத் தொடவே தொடாதீர்கள். நாளடைவில் அந்த மெல்லிய இழைகளை அரித்துவிடும். ரோசின் என்ற மரப்பிசின் உள்ள ஈயமே போதுமானது.

முடித்ததும், பிளக்கைச் செருகுமுன், இரு வயர்களுக்கும் இடையே கன்டின்யூட்டி பாருங்கள். மீட்டர் ஒலி எழுப்பினால் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். கன்சோலோடு இணைக்கக் கூடாது. ஒலி இல்லையென்றால் இணைத்துவிட்டு, கைபேசிக் கேமராவால் பட்டையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விளக்குகள் அதில் வெளிறிய ஊதாவாகத் தெரியும். சில கைபேசிகளின் பின்கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடும், எனவே முன்கேமராவிலும் பார்த்துவிடுங்கள். இணைப்புக்கு இருபுறமும் சுவரில் கிளிப் அடித்துவிட்டால், யாராவது காலால் தட்டினாலும் இழுவிசை சால்டரின் மேல் விழாது.

கூடத்தூண்:
பேட்டரியில் இயங்கும் வயர்லெஸ் பட்டைகளும் உண்டே, வெட்டாமலே வேலை முடியுமே என்று சொல்ல வந்தேன். கன்சோலைப் பொறுத்தவரை ஒளிப்புள்ளி எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான். இருந்தாலும், கேபிள் பட்டை கன்சோலோடு சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைகிறது. பேட்டரிப் பட்டையை மறவாமல் அணைக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் வீட்டில் கேபிளே மேல் என்பது என் எண்ணம்.

வேறொன்றும் கவனியுங்கள். பெரிய திரை என்பதால் மிகவும் பின்தள்ளி நிற்கத் தோன்றும். தொலைவு கூடக்கூட, ரிமோட்டின் கேமராவில் இரண்டு புள்ளிகளும் நெருங்கி வரும், ஒளியும் குறையும். சுட்டி தடுமாறினால் காரணம் அதுதான், நீங்கள் போட்ட இணைப்பு அல்ல. வீயின் அமைப்புகளில் சென்சார் பார் உணர்திறன் பக்கத்தைத் திறந்தால், ரிமோட் காணும் புள்ளிகள் திரையிலேயே தெரியும். வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து பார்த்து, இரண்டும் நிலையாகத் தெரியும் அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளித்திரை:
மூவருக்கும் மிக்க நன்றி. ஸ்பீக்கர் வயரே வாங்குகிறேன். என்னுடையது, நின்டெண்டோவின் முந்தைய கன்சோலான கேம்க்யூபின் கன்ட்ரோலர் செருகும் பழைய வகை வீ. அந்தக் கன்ட்ரோலரின் கேபிளையும் இதே முறையில் நீட்டலாமா?

மின்மினி:
அதைச் சென்சார் பார்போல் எண்ண வேண்டாம். அதில் அதிர்வு மோட்டாருக்கு 5 வோல்ட், மின்சுற்றுக்கு ஏறத்தாழ 3.4 வோல்ட், கிரவுண்ட், இவற்றோடு தரவு போகும் வயர் ஒன்றும் இருக்கிறது. ஒரு வயர் மாறினாலும் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம். அதற்கென்றே இரு முனையிலும் பிளக் வைத்த நீட்டிப்பு கேபிள்கள் விற்கப்படுகின்றன. அதையே வாங்கிவிடுங்கள், கன்ட்ரோலரை வெட்ட வேண்டாம்.