டேப் பாடம்: டெக்சாஸ் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கும் நடந்ததா?

டாலஸ் அம்மா:
பெரியவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியிலிருந்து சம்மதப் படிவம் வந்தது. பாலியல் கல்வி வகுப்பாம். இங்கே மாநிலச் சட்டப்படி, பள்ளி வயதில் உடலுறவிலிருந்து விலகி இருப்பதே சிறந்தது என்று சொல்லித்தரணும்; வேறெதையும் விட அதற்குத்தான் அதிக இடம். எனக்கு உள்ளூர சந்தோஷம். வீட்டில் சொல்ல நாக்கு கூசுவதை வாத்தியாரே சொல்லிவிட்டால் நல்லதுதானே! கையெழுத்துப் போட்டதோடு, தமிழ்ப்பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நாலு பேரையும் போட வைத்தேன்.

மூணாம் நாள் ஸ்வெட்டரைக் கழற்றினாள். முன்கையில் ஒரு பட்டை செக்கச் சிவந்திருந்தது. வெளியிலிருந்து வந்த பேச்சாளர் பார்சல் டேப்பை அவள் கையில் ஒட்டி உரித்து, அதே துண்டை அடுத்த பிள்ளைக்கு, அதற்கடுத்த பிள்ளைக்கு என்று ஒட்டிக்கொண்டே போனாராம். கடைசியில் முடியும் நூலும் அப்பிய துண்டைத் தூக்கிக் காட்டி, "இனி இது எதிலும் ஒட்டாது, பலரோடு உறவு வைத்தால் நீங்களும் இப்படித்தான்" என்றாராம்.

"நான் டேப்பாம்மா?" என்றாள்.

சித்தி மகளைக் 'கெட்டுப்போனவள்' என்று வாசலோடு நிறுத்திய வீட்டில் வளர்ந்தவள் நான். அதே பேச்சு கடல் தாண்டியும் வந்து என் மகள் கையில் ஒட்டியிருக்கு.

ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் சுகாதார ஆலோசனைக் குழு உண்டு, அதில் பாதிக்கு மேல் பெற்றோர்தான். கூட்டத்துக்குப் போனேன். அந்தப் பாடத்திட்டத்தை ஆதரிக்கும் சர்ச் ஆட்கள் ஒரே நிற டி-ஷர்ட்டில் இரண்டு வரிசை. நம்மவர் நான் ஒருத்திதான். "காத்திருக்கச் சொல்லுங்க, நானும் அதைத்தான் சொல்றேன். டேப் மட்டும் வேண்டாம்" என்றேன். வெளியே வரும்போது டி-ஷர்ட் போட்ட ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகளுக்கு அந்தக் காலத்தில் மென்ற சூயிங்கத்தைக் காட்டினார்களாம்.

ஹூஸ்டன் அப்பா:
எங்க பையன் வகுப்பில் டேப் இல்லைங்க. காண்டம் பற்றிக் கேட்டிருக்கான், எப்படியெல்லாம் கிழியும் என்று மட்டும் சொல்லி அனுப்பிட்டாங்க. மிச்சத்தை என்னிடம் கேட்டான், காரில் போகும்போது, 'கேட்டி ஃப்ரீவே' நெடுஞ்சாலை நெரிசலில். ரோட்டைப் பார்த்துக்கிட்டே பதில் சொல்ல முடிஞ்சதால தப்பிச்சேன்!

அப்புறம் தேடிப் படிச்சேன். 1996 சட்டத்தில், விலகி இருக்கச் சொல்லும் இந்த மாதிரித் திட்டங்களுக்கு மத்திய அரசு வருஷம் 5 கோடி டாலர் ஒதுக்கியிருக்கு. நாடாளுமன்றம் கேட்டு நடத்திய ஆய்வு 2007-ல் வந்தது. நாலு திட்டங்களை எடுத்துப் பார்த்ததில், பாடம் படிச்ச பிள்ளைகளுக்கும் படிக்காதவங்களுக்கும் விலகி இருக்கிறதில் வித்தியாசமே இல்லை. முதல் உறவின் சராசரி வயசுகூட ஒண்ணுதான். அந்தப் பணமே வேண்டாம்னு ஆரம்பத்திலிருந்தே ஒதுங்கின மாநிலம் கலிபோர்னியா.

அந்தப் பேச்சாளரை நிறுத்திட்டாங்களா அக்கா?

டாலஸ் அம்மா:
பதில் இன்னும் வரலை தம்பி. பாடப்பொருளைப் பெற்றோர் பார்க்க உரிமை இருக்கு, எழுதிக் கேட்டிருக்கேன். சின்னவளுக்கு அடுத்த வருஷம் படிவம் வரும்.