கெரட்டின் போடும்போது கண் எரிகிறது, மாஸ்க் போதுமா?

ஈரோட்டுப் பொண்ணு:
சின்ன பார்லர் ஒன்றில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். முகூர்த்த சீசனில் ஒரே நாளில் நாலு தலைக்குக் கெரட்டின், அதாவது மருந்து பூசிச் சூடான அயர்னால் முடியை நேராக்குவது, போட வேண்டியிருக்கிறது, எல்லாம் கதவைச் சாத்திய ஏசி ரூமில். அயர்னிங் ஆரம்பித்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ராத்திரி வரை தொண்டை கரகரப்பு. கஸ்டமரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறோம், நாங்கள் எப்படி மூடுவது? ஓனர் அக்காவிடம் சொன்னால், பாட்டிலில் 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்றுதானே போட்டிருக்கிறது, மாஸ்க் போட்டுக்கொள் என்கிறார். நீலக்கலர் மாஸ்க் போட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

சேலம் அக்கா:
அந்த மாஸ்க் எச்சில் தெறிப்பதைத் தடுக்கும், ஃபார்மால்டிஹைடு மாதிரி கண்ணை எரிக்கிற வாயுவைத் தடுக்காது தங்கச்சி. ஸ்பிளிட் ஏசியையும் நம்பாதே, உள்ளே இருக்கிற காற்றையேதான் அது சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. நானும் ஒரு வருஷம் இருமிவிட்டுத்தான் கெரட்டின் நாற்காலியை ஜன்னல் ஓரம் மாற்றி, தலை உயரத்துக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன், சமையலறைக்கு வைக்கிற அதே ஃபேன்தான். எதிர்ப்பக்கம் கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபேன் சும்மா சுற்றும். ஏசி குளிர் வெளியே போகிறதே என்று கஸ்டமர் முனகுவார், முனகட்டும்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
பாட்டிலின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். ஃபார்மலின், மெத்தனால்டிஹைடு, மெத்திலீன் கிளைக்கால் என்று இருந்தால் அதே ஃபார்மால்டிஹைடு வேறு பெயரில் வந்திருக்கிறது. மெத்திலீன் கிளைக்கால் என்பது ஃபார்மால்டிஹைடு தண்ணீரோடு சேர்ந்த நிலை, 230 டிகிரி அயர்ன் பட்டதும் மறுபடி வாயுவாகி, அயர்ன் பிடித்திருப்பவர் மூக்குக்குத்தான் நேராக ஏறும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2010-இல் இப்படி 'இல்லை' என்று எழுதிய சரக்கைச் சோதித்தபோது சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் ஃபார்மால்டிஹைடு இருந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று உறுதியான பிரிவில் வைத்திருக்கிறது. மாஸ்க்தான் வேண்டுமென்றால் இந்த வாயுவுக்கென்று உள்ள ஃபில்டர் டப்பா வைத்தது வேண்டும், ஆனால் அது ஃபேனுக்கு அப்புறம்தான். ஃபார்மால்டிஹைடுக்குப் பதிலாகக் கிளையாக்சிலிக் அமிலம் போட்டது வந்திருக்கிறதே என்பார்கள், பூசிக்கொண்ட சிலருக்குச் சிறுநீரகம் பாதித்ததாக அதைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது.

கால்வலி கமலா:
மூச்சு இருக்கட்டும், மூன்று மணி நேரம் நின்றபடி அயர்ன் இழுக்கிற கால்களை யாரும் கேட்கவில்லையே. தமிழ்நாட்டில் 2021-இலேயே கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டூல் கேள் பாப்பா.

ஈரோட்டுப் பொண்ணு:
பின்பக்கம் பார்த்தேன், மூன்றாவது பெயரே மெத்திலீன் கிளைக்கால். போட்டோ எடுத்து ஓனர் அக்காவுக்கு அனுப்பினேன். அவருக்கும் ஆறு மாதமாக இருமலாம், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை ஃபேன் மாட்ட ஆள் வருகிறார். ஸ்டூலை இன்னும் கேட்கவில்லை.