சேமித்தது ஒன்று, ஓடுவது ஒன்று: ரவுட்டர் கமாண்ட் லைன் அனுபவங்கள்

ஓர் அலுவலகத்தில் மின்சாரம் போய் வந்தால் போதும், நெட்வொர்க் படுத்துவிடும். யாராவது வந்து சரிசெய்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும். அடுத்த முறை மின்சாரம் போனால் மறுபடியும் முதலிலிருந்து. ரவுட்டரே பழுது, புதிதாக வாங்கிவிடலாம் என்று முடிவு செய்த பிறகு, எதற்கும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

சிஸ்கோ ரவுட்டர். ரவுட்டரோடு நேரடியாகப் பேச உதவும் வெளிர்நீல கன்சோல் கேபிளைச் செருகி, டெர்மினல் மென்பொருளில் வேகம் 9600, டேட்டா பிட் 8, பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1 என்று வைத்து என்டர் தட்டினேன். ஆரம்ப அமைப்பைக் கேள்வி பதிலாகச் செய்துகொள்கிறீர்களா என்று திரையில் கேட்டு நின்றது. புது ரவுட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலாக ஆன் செய்யும்போது வருகிற கேள்வி அது. மாதக்கணக்கில் ஓடிய ரவுட்டரில் அதற்கு வேலையே இல்லை. 'நோ' கொடுத்து உள்ளே போனேன். முழு அதிகாரம் தரும் 'எனேபிள்' கட்டளையை அடித்ததும் > குறி # ஆக மாறியது. பாஸ்வேர்ட் எதுவும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். ரவுட்டரில் அமைப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. இப்போது ஓடிக்கொண்டிருப்பது ரன்னிங்-கான்ஃபிக். அது ரேமில் இருக்கும், மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் என்விரேமில், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கும். அடுத்த முறை ஆன் ஆகும்போது ரவுட்டர் படிப்பது அதைத்தான். கட்டளை அடித்து என்டர் தட்டிய நொடியே அது அமலுக்கு வந்துவிடுவதால், வேலை முடிந்துவிட்டது என்றே யாருக்கும் தோன்றும். அங்கே வந்துபோன ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் சரியாகத்தான் அமைத்திருக்கிறார்கள். சேமிக்கவில்லை, அவ்வளவுதான்.

அமைப்பை மாற்றும் 'கான்ஃபிகர் டெர்மினல்' நிலைக்குப் போய், 'ஹோஸ்ட்நேம்' என்று ரவுட்டருக்குப் பெயர் கொடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு இன்டர்ஃபேஸாக (கேபிள் செருகும் இணைப்பு வாய்) நுழைந்து 'ஐபி அட்ரஸ்', முகவரி, சப்நெட் மாஸ்க், கடைசியில் 'நோ ஷட்டவுன்'. ரவுட்டரின் இன்டர்ஃபேஸ்கள் இயல்பிலேயே மூடிக் கிடக்கும். நாம் திறக்காமல் திறக்காது. வெளியே போக 'ஐபி ரவுட் 0.0.0.0 0.0.0.0', அதன் பின்னால் அடுத்த ரவுட்டரின் முகவரி. எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் போட்டதும் ஒரு புள்ளி (பதில் இல்லை), பிறகு நான்கு ஆச்சரியக்குறிகள் (பதில் வந்தது) வந்தன. முதல் புள்ளியைப் பார்த்துப் பதற வேண்டாம். எதிர்முனையின் வன்பொருள் முகவரியை (மேக் முகவரி) ஏஆர்பி என்ற நெறிமுறை மூலம் கேட்டு வாங்குவதற்குள் முதல் பாக்கெட் விழுந்துவிடும். இன்னொரு முறை போட்டால் ஐந்தும் ஆச்சரியக்குறியாக வரும்.

பிறகு 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்'. இத்துடன் நான் கிளம்பவில்லை. எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அவர்கள் கண்முன்னே ரவுட்டரை அணைத்து மறுபடி ஆன் செய்தேன். ஹோஸ்ட்நேம் திரையில் வந்த பிறகுதான் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. ஒரு சாதனத்தைப் புதிதாக அமைத்துக் கொடுக்கும்போது இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதுபோல உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

*

அண்ணா, சேமிக்காமல் வைத்திருப்பதே நம்மைக் காப்பாற்றும் இடமும் உண்டு. அதை நான் நேரில் பார்த்தேன்.

தொலைவில் ஒரு கிளை அலுவலகம். அங்கே தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் யாருமில்லை. வெளிப்பக்க இன்டர்ஃபேஸில் ஓர் ஆக்சஸ் லிஸ்ட், அதாவது எதை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிப் பட்டியல் போட வேண்டும். பட்டியலை வேறொரு குழு எழுதி அனுப்பியிருந்தது. நான் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக இணைந்திருந்தேன். பக்கத்தில் இருந்த மூத்தவர், "முதலில் 'ரீலோட் இன் 10' போடு, அப்புறம் மற்றதெல்லாம்" என்றார். பத்து நிமிடத்தில் ரவுட்டர் தானாகவே மறுபடி துவங்க வேண்டும் என்று அதற்குப் பொருள். போட்டேன். பிறகு இன்டர்ஃபேஸுக்குள் போய் 'ஐபி ஆக்சஸ்-குரூப்' வரியை அடித்து என்டர் தட்டியதும் திரை உறைந்துபோனது. எந்த எழுத்தை அடித்தாலும் அசையவில்லை.

பட்டியலை எடுத்துப் பார்த்தோம். அனுமதிக்க வேண்டியவை வரிசையாக இருந்தன. நம் எஸ்எஸ்ஹெச் இணைப்புக்கான வரி மட்டும் இல்லை. ஆக்சஸ் லிஸ்ட்டின் கடைசியில் 'மற்ற எல்லாவற்றையும் தடு' என்று கண்ணுக்குத் தெரியாத வரி ஒன்று எப்போதும் உண்டு. அதில் மாட்டியது நம்முடைய இணைப்பே.

காத்திருந்தோம். பத்து நிமிடம் கழிந்து ரவுட்டர் தானே அணைந்து, சேமித்து வைத்திருந்த பழைய அமைப்போடு எழுந்தது. விட்டுப்போன வரியைச் சேர்த்து மறுபடி அதே முறையில் செய்தோம். இந்த முறை இணைப்பு நின்றது. 'ரீலோட் கேன்சல்' அடித்து, அதன் பிறகுதான் சேமித்தோம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஆக்சஸ் லிஸ்ட் போட்ட கையோடு சேமித்திருந்தால், ரீலோட் ஆனாலும் அதே பூட்டோடுதான் ரவுட்டர் எழுந்திருக்கும். இன்னொன்று: சேமிக்காத மாற்றம் ஏதாவது ஏற்கெனவே இருக்கும்போது ரீலோட் போட்டால், சேமிக்கவா என்று கேட்கும். யோசிக்காமல் 'யெஸ்' தட்டிவிடாதீர்கள். அந்த மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஜூனிப்பர் சாதனங்களில் இது இன்னும் வசதி. அங்கே நாம் அடிப்பது எதுவும் உடனே அமலுக்கு வராது. 'கமிட்' கொடுத்தால்தான் வரும். 'கமிட் கன்ஃபர்ம்ட்' கொடுத்தால், பத்து நிமிடத்துக்குள் நாம் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். ரீபூட்டும் தேவையில்லை. மைக்ரோடிக்கில் கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் சேஃப் மோடு. இணைப்பு அறுந்தால் அதற்குள் செய்த மாற்றங்களைத் தானே நீக்கிவிடும்.

*

முதலில் எழுதிய சாருக்கு ஒரு சிறு சேர்க்கை. அந்த ஆரம்பக் கேள்வி வந்தாலே ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் காலி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரவுட்டர் எப்படித் துவங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கான்ஃபிகரேஷன் ரிஜிஸ்டரின் மதிப்பையும் பார்க்க வேண்டும். எனக்கு இது தெரியவந்தது பாஸ்வேர்ட் மீட்கும் வேலை ஒன்றில்.

முன்பு இருந்த நிர்வாகி போய்விட்டார்; எனேபிள் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. ஆனால் அமைப்பு முழுவதும் அப்படியே வேண்டும். கன்சோலில் உட்கார்ந்து, ரவுட்டரை அணைத்து ஆன் செய்து, முதல் 60 நொடிக்குள் பிரேக் விசை. இயங்குதளம் ஏறுவதற்கு முன் வரும் ராம்மான் என்ற மீட்பு நிலை வந்தது. அங்கே கான்ஃபிகரேஷன் ரிஜிஸ்டரைப் பதினாறடிமானத்தில் 2142 ஆக்கி ரீசெட் செய்தால், ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கைப் படிக்காமலேயே ரவுட்டர் எழும். பாஸ்வேர்டும் அந்தக் கோப்பில்தானே இருக்கிறது? அதனால் கேட்காது.

இங்கேதான் கை நடுங்கும். அடிக்க வேண்டியது 'காப்பி ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் ரன்னிங்-கான்ஃபிக்'. பழக்கத்தில் திருப்பி அடித்தால், ஓடிக்கொண்டிருக்கும் வெற்று அமைப்பு சேமித்ததன் மேல் ஏறிவிடும். வருடக்கணக்கான வேலை ஒரு வரியில் காலி. நான் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன்.

அமைப்பு திரும்பி வந்தது, முகவரிகள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு இன்டர்ஃபேஸ்கூட இயங்கவில்லை. 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் ப்ரீஃப்' பார்த்தால் எல்லாவற்றுக்கும் நேராக 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்'. கேபிள் பழுதென்றால் வெறும் 'டவுன்' என்றுதான் வரும். இந்தச் சொல் வந்தால் கட்டளையால் மூடியிருக்கிறது என்று பொருள். காரணம் எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. இந்த காப்பி பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும் வேலை அல்ல. ஓடுவதோடு சேர்த்துக் கலக்கும் வேலை. வெற்றாக எழுந்த ரவுட்டரில் எல்லா இன்டர்ஃபேஸும் மூடியிருக்கிறது. சேமித்த கோப்பிலோ 'நோ ஷட்டவுன்' என்ற வரி எழுதப்படுவதே இல்லை. அதனால் மூடியது மூடியபடியே இருக்கும். ஒவ்வொன்றாகப் போய்த் திறந்துவிட்டேன்.

புது 'எனேபிள் சீக்ரெட்' வைத்து, ரிஜிஸ்டரை மறுபடி 2102 ஆக்கிச் சேமித்தேன். 'ஷோ வெர்ஷன்' கடைசி வரியில் இப்போதைய மதிப்பும் அடுத்த ரீலோடில் வரப்போகும் மதிப்பும் இருக்கும். ரிஜிஸ்டரை மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு முறையும் வெற்றாகத்தான் எழும். மின்தடைக்குப் பின் சார் பார்த்த அதே காட்சிதான்.

*

புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் நான். லேபில் ஒரு கட்டளையைத் தப்பாக அடித்தால் திரை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. ரவுட்டர் தொங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம், எஸ்எஸ்ஹெச்சுக்குச் சாவி உருவாக்கும் கட்டளையும் பிழை காட்டுகிறது. யாராவது சொல்லுங்கள் அண்ணா.

*

தம்பி, ரவுட்டர் தொங்கவில்லை. தனக்குத் தெரியாத சொல்லை ஒரு கணினியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில் தேடுகிறது. கன்ட்ரோல்-ஷிஃப்ட்-6 அழுத்தினால் விட்டுவிடும். லேபில் 'நோ ஐபி டொமைன்-லுக்அப்' போட்டுவிடு.

சாவிக்கு முதலில் ஹோஸ்ட்நேமை மாற்ற வேண்டும், டொமைன் பெயரும் கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் சாவிக்குப் பெயர் வைக்கிறது. பிறகு 2048 பிட்டில் ஆர்எஸ்ஏ சாவி உருவாக்கி, 'ஐபி எஸ்எஸ்ஹெச் வெர்ஷன் 2' கொடு. 'யூசர்நேம்' வரியில் பாஸ்வேர்டுக்குப் பதில் 'சீக்ரெட்' என்று போடு. 'சர்வீஸ் பாஸ்வேர்ட்-என்கிரிப்ஷன்' மறைக்கும் டைப் 7 பாஸ்வேர்டை யாரும் நொடியில் திருப்பி எடுத்துவிடலாம். தொலைவிலிருந்து நுழையும் வழிகளுக்கான 'லைன் விடிஒய் 0 4' உள்ளே 'லாகின் லோக்கல்', 'டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்ஹெச்'. தொலைவிலிருந்து நுழையும் பழைய முறையான டெல்நெட்டைத் திறந்து வைக்காதே, அதில் பாஸ்வேர்ட் அப்படியே வெளிப்படையாகப் போகும்.

ரிஜிஸ்டரைப் பற்றிச் சொன்னவருக்கும் நன்றி. அந்த மின்தடை அலுவலகத்தில் அன்று நானும் 'ஷோ வெர்ஷன்' பார்த்தேன், 2102 என்றுதான் இருந்தது. 'ஷோ ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' கொடுத்தபோது அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வந்தது.

தம்பி, எஸ்எஸ்ஹெச் அமைத்ததும் கன்சோலை மூடாமல் இன்னொரு சாளரத்தில் உள்ளே நுழைந்து பார். நுழைய முடிந்தால் சேமி. அந்த ஆர்எஸ்ஏ சாவி ரன்னிங்-கான்ஃபிக்கில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சேமிக்காமல் ரீலோட் செய்தால் அதுவும் போய்விடும், மறுபடி கன்சோல் கேபிளோடு ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.