ஃபட்டீக் டெஸ்ட், 3ஆம் ஆண்டு பிஎச்டி: சோர்வை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி:
மெக்கானிக்கல் பிஎச்டி, 3ஆம் ஆண்டு. தலைப்பு அலுமினிய வெல்டிங் இணைப்புகளின் ஃபட்டீக் ஆயுள், அதாவது திரும்பத் திரும்ப லோடு (விசை) கொடுத்தால் எத்தனை சைக்கிளில் (சுற்றில்) உடையும் என்பது. மெஷின் ஒன்று, ஸ்காலர்கள் நாலு பேர். ஒரே லோடில் ஓட்டிய இரண்டு ஸ்பெசிமன்களின் (சோதனைத் துண்டுகளின்) ஆயுளுக்கு நடுவே ஐந்து மடங்கு வித்தியாசம். லேபுக்குள் நுழையவே மனம் வரவில்லை. டிசி (ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டி) மீட்டிங்குக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது.

பதில் 1:
சகோ, 20 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 20 சைக்கிள்) 1 கோடி சைக்கிள் என்றால் 5 லட்சம் வினாடி, அதாவது 5.8 நாள். செய்த வேலைக்கு விடை தெரிய ஆறு நாள் ஆனால் யாருக்கும் அலுத்துப்போகும். இதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள், வரிசையை மாற்றுங்கள். 1 லட்சம் சைக்கிளில் உடையும் உயர் லோடு டெஸ்ட் 83 நிமிடத்தில் முடியும். ஒரே பகலில் வரைபடத்துக்கு மூன்று புள்ளி கிடைக்கும். முதல் இரண்டு வாரம் அது மட்டும். நீண்ட ஓட்டத்துக்கு மாதம் ஒரு வாரம் என்று மற்ற மூவரிடமும் பேசி எழுதி ஒட்டிவிடுங்கள்.

பதில் 2:
வெல்டிங்கில் ஐந்து மடங்கு சிதறல் சாதாரணம். காரணம் உடைந்த முகத்திலேயே இருக்கும். ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பில் விரிசல் தொடங்கிய இடத்தைத் தேடுங்கள். வாயுத் துளையில் தொடங்கியிருந்தால் வெல்டிங்கின் குறை. ஸ்பெசிமன் ஓரத்தில் என்றால் ஓரத்தைச் சரியாகத் தேய்க்கவில்லை. தேய்ப்பதை லோடு திசையிலேயே முடிக்க வேண்டும். குறுக்குக் கீறல் ஒன்று போதும், அங்கிருந்தே பிளக்கும். எப்போதும் ஒரே பக்கத்தில் உடைந்தால் கிரிப் (ஸ்பெசிமனைப் பிடிக்கும் பகுதி) நேராக இல்லை. ஸ்ட்ரெயின் கேஜ் (நீட்சியை அளக்கும் சிறு பட்டை) ஒட்டிப் பாருங்கள். ஸ்பெசிமன் எண், லோடு, சைக்கிள், தொடங்கிய இடம் என்று அட்டவணை போடுங்கள். தோல்வி என்று ஒதுக்கியவை தீசிஸில் ஒரு அத்தியாயமாகும், டிசியிலும் அதைத்தான் காட்ட வேண்டும்.

பதில் 3:
மெஷின் ஓடும் நேரத்தில் சோதனை முறைப் பகுதியை எழுதுங்கள், அதற்கு ரிசல்ட் தேவையில்லை. வெள்ளிதோறும் கைடுக்கு அரைப் பக்கம்: எது ஓடியது, எங்கே உடைந்தது, அடுத்து எது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதியில் பிஎச்டிக்கு உச்சவரம்பு 6 ஆண்டு; நீங்கள் பாதி வழியில்தான் இருக்கிறீர்கள். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) என்றால் 2 ஆண்டு முடிந்ததும் எஸ்ஆர்எஃப் (முதுநிலை) மதிப்பீடு நடந்ததா என்று பாருங்கள். 2023 ஜனவரியில் வந்த விகிதப்படி, அப்படி மாறினால் மாதம் 37,000 ரூபாய் 42,000 ஆகும். பணக் கவலையும் மனதை அரிக்கும். தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் தள்ளிப்போடாமல் 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உடைந்த துண்டுகள் எல்லாம் ஒரே கவரில் கிடக்கின்றன. பயன்படுமா?

பதில் 2:
உரசிய இடம் போயிருக்கும், மிச்சத்தில் பார்க்கலாம். இன்றே தனித்தனியாகப் பிரித்து எண் எழுதி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். இரண்டு பாதியையும் பொருத்திப் பார்க்கவே வேண்டாம், உடைந்த முகம் உரசிவிடும்.