ஊராட்சி பிரசிடெண்டா பழகினவரை மந்திரியா பார்த்த அனுபவம் உண்டா?

மேட்டுத்தெரு:
96-ல பூட்டு சாவி சின்னத்துல எங்க ஊர்ல ஜெயிச்சவர். பிரசிடெண்ட், யூனியன் சேர்மன், எம்.எல்.ஏ., அப்புறம் மந்திரி. டேங்க் ஆபரேட்டர் வரலைன்னா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அவரே வால்வுக் குழிக்குள்ள இறங்குவார். மந்திரியானப்புறம் ஒரு கல்யாண மண்டபத்துல பார்த்தேன். போலீஸ், கட்சிக்காரங்க, தள்ளுமுள்ளு. என்னைக் கண்டதும் நின்னுட்டார். "தம்பி, மேட்டுத்தெருவுக்குத் தண்ணி ஏறுதா?"

ஏறலை. அம்மா அன்னைக்குக் காலையிலயும் கீழத்தெருவுல இருந்து குடம் சுமந்தாங்க. ஆனா ஒன்றியச் செயலாளர் கை என் தோள்மேல இருந்துச்சு. லேசா அழுத்தினார். "ஏறுதுங்கய்யா"ன்னுட்டேன். அவர் முகத்துல அப்படி ஒரு நிம்மதி. அந்தக் கை இன்னும் தோள்லயே கிடக்கிற மாதிரி இருக்கு.

ஏஜென்ட்:
2020 ஜனவரி 2, ஊரக ஓட்டு எண்ணிக்கை. பெட்டியைக் கவுத்ததும் பிரசிடெண்டுக்கு ரோஸ், யூனியனுக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள்னு மேஜை பூரா சீட்டு. விடிய விடியப் பிரிச்சோம். எங்க யூனியன் வார்டுல ஒரு அம்மா ஜெயிச்சாங்க. சர்டிபிகேட்டுக்கு அவங்க வீட்டுக்காரர் கையை நீட்டினார். அந்தம்மா ஒண்ணும் பேசலை, நடுவுல வந்து கையெழுத்துப் போட்டு, நாலா மடிச்சுத் தன் பையில வச்சு ஜிப்பை இழுத்தாங்க. இந்தம்மா யூனியனோட நிக்க மாட்டாங்கன்னு அப்பவே தோணுச்சு. இப்ப எம்.எல்.ஏ.

பழைய கிளார்க்:
ஏஜென்ட் சொல்றதை என்னால ஒத்துக்க முடியலை. தைரியம் இருந்தா மேல போயிடலாமா? எங்க யூனியன் ஆபீஸ்ல அதைவிட தைரியமான கவுன்சிலர்களைப் பார்த்திருக்கேன், எல்லாரும் ஊரோட நின்னுட்டாங்க. சீட்டு கொடுக்கிறது கட்சி, காலமும் கூடி வரணும். ஓ.பி.எஸ். 96-ல பெரியகுளம் நகராட்சித் தலைவர். 2001 மே மாசம் எம்.எல்.ஏ., செப்டம்பர்ல ஜெயலலிதா பதவி கோர்ட் தீர்ப்பால போனதும் முதலமைச்சர். அஞ்சே வருஷம்! மா.சுப்பிரமணியன் 2006-லயே சென்னை மேயர். 2011 மேயர் தேர்தல்ல தோத்தார், 2016-ல சைதாப்பேட்டை எம்.எல்.ஏ., 2021-லதான் மந்திரி. ரெண்டு பேரும் உள்ளாட்சியில இருந்து வந்தவங்கதான், வேகத்துல எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

மேட்டுத்தெரு தம்பிக்கு ஒண்ணு சொல்றேன். மந்திரி வாயால கேட்டாலும் பேப்பர்ல இருந்தாத்தான் வேலை நடக்கும். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்க. வாயால சொல்லிட்டு வராதீங்க, எழுதிக் கொடுங்க. தீர்மானப் புத்தகத்துல ஏறினப்புறம் கையெழுத்துப் போடுங்க, முன்னாடியே வெத்துப் பக்கத்துல போடாதீங்க. நகல் வாங்கி, யூனியன் ஆபீஸ்ல கிராம ஊராட்சியைப் பார்க்கிற பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஒண்ணு, கலெக்டர் திங்கக்கிழமை மனுநாள்ல ஒண்ணு. மேட்டுப் பகுதிக்குத் தனி வால்வு, தனி நேரம்னு கேளுங்க. புது டேங்க்னு கேட்டா நிதியில்லன்னு முடிச்சிடுவாங்க. எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி இருக்கு, அதுலயும் கேக்கலாம்.

மேட்டுத்தெரு:
அண்ணே, தீர்மானம் நாலு தடவை போட்டாச்சு, நகலும் இருக்கு. நான் எழுதினது தண்ணிக்காக இல்லை. அவ்வளவு கூட்டத்துல தெருப் பேரைச் சொல்லிக் கேட்ட மனுஷன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அம்மாகிட்ட இதை இன்னும் சொல்லலை.